வீட்டு வண்டியும் கெட்ட வீதியும்

பாதை கெட்டதாயின் பயணம் சிறக்கும் என்றொரு கொள்கை பயண நூலாசிரியர்களிடையே நெடுங்காலமாக உலவி வருகின்றது. நல்ல வீதியிலே நாலு நாள் சென்றவன் நாலு வரிகூட எழுதமாட்டான். குன்றும் குழியுமான வீதியிலே ஒரு நாள் அலைப்புண்டவன் ஒரு நூலையே எழுதிவிடுவான் என்பார்கள். இலக்கியக் கூட்டங்களிலும் இதனைக் கேட்டிருக்கின்றேன். மாணவருக்குப் பயணக் கட்டுரை எழுதக் கற்பிக்கும் ஆசிரிய நண்பர்கள் சிலரும், "வழியிலே ஏதாவது இடையூறு நேர்ந்ததாக எழுதுங்கள்; அப்பொழுதுதான் சுவை பிறக்கும்" என்று சொல்லிக் கொடுக்கின்றார்கள். இடையூறு சுவை தரும் என்பதை நான் மறுக்கவில்லை. அந்தச் சுவை யாருக்கு, அதற்கு விலை கொடுப்பவர் யார் என்பதே என் கேள்வி.

இக்கேள்வியை ஆராய்வதற்கு மற்றெல்லா வண்டிகளிலும் பார்க்க, மேல்நாட்டார் ‘மோட்டார்ஹோம்’ என்று வழங்கும் வண்டியே தக்க கருவியென்று கருதுகின்றேன். லொறியின் அடிச்சட்டத்தின் மேல் ஒரு சிறு வீட்டைக் கட்டிவைத்தாற் போன்றது அது. சாரதியின் ஆசனத்துக்குப் பின்னே குசினி. அதற்குப் பின்னே கட்டில். ஒரு மூலையில் குளியலறை. தண்ணீர்த் தொட்டியும் வாயு அடுப்பும் குளிர்சாதனப் பெட்டியும் உண்டு. தமிழிலே இதற்கு நிலைபெற்ற பெயரில்லையாதலால் ‘வீட்டு வண்டி’ என்றே இங்கு எழுதுகின்றேன். பெயர் இல்லையே தவிர, பொருள் நமக்கு முற்றிலும் புதிதன்று. பானை சட்டி, பாய் தலையணையோடு கூடார வண்டிலில் ஏறிச் சன்னிதிக்கும் வல்லிபுரத்துக்கும் சென்ற நம் முன்னோர், வண்டிலருகே அடுப்பு மூட்டி, வண்டிலுக்குள்ளே உறங்கி, திருவிழா முடிந்த பின்னர் வீடு திரும்பினர். அந்த வண்டில்களிலே பானை உடைந்ததாக அதிகம் கேள்விப்பட்டதில்லை. மாடு தன் நடையை ஒருநாளும் விரைவுபடுத்தவில்லை என்பதே அதற்குக் காரணம்.

காரிலே செல்பவனிடம் வீதி பாதி உண்மையைத்தான் சொல்லும். வில்லும் மெத்தையும் மீதியை விழுங்கிவிடும். மோட்டார் சைக்கிளிலே செல்பவனோ துன்பத்தையே வீரமாக மாற்றிக் கொள்ளுவான். வீட்டு வண்டியிலே செல்பவனுக்கு இவ்விரண்டும் இயலாது. ஒரு குழியிலே சக்கரம் விழுந்தால் முதுகுக்குப் பின்னே ஒரு குடும்பத்தின் கோப்பைகளும் பேணிகளும் ஒன்றாக ஓலமிடும். வீட்டுக்குத் தேவை அசைவின்மை. வண்டிக்குத் தேவை அசைவு. இந்த முரண்பாட்டை நல்ல வீதி மறைத்து வைக்கின்றது. கெட்ட வீதி வெளிப்படுத்திவிடுகின்றது.

வரலாற்றிலே சிறிது பின்னோக்கிச் செல்வோம். இன்பப் பயணத்துக்கென்றே ஒரு வீட்டு வண்டியைச் செய்வித்துக் கொண்டு புறப்பட்டவர்களுள் முன்னோடியாகப் போற்றப்படுபவர் கோர்டன் ஸ்ரேபிள்ஸ் என்பவர். கடற்படையிலே வைத்தியராக இருந்து ஓய்வு பெற்று, சிறுவர்க்கு வீரக்கதைகள் எழுதி வந்தவர். பிரிஸ்டல் நகரத்து வண்டித் தொழிற்சாலையொன்றிலே ‘வாண்டரர்’ என்ற வண்டியைச் செய்வித்து, 1885ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் தென்பகுதியிலிருந்து ஸ்கொத்லாந்தின் இன்வர்னஸ் வரைக்கும் சென்றார். இரண்டு குதிரைகள் இழுத்தன. உள்ளே நூலடுக்கு இருந்தது, ஆர்மோனியமும் இருந்தது. அவருடைய பணியாள் ஒருவர் முச்சக்கர மிதிவண்டியிலே முன்னே சென்று, பெரியதொரு வண்டி வருகின்றதென்று எதிரே வருவோரை எச்சரித்துக் கொண்டிருந்தார். இந்தப் பணியாளைத்தான் நான் அடிக்கடி நினைத்துக் கொள்வேன். ஸ்ரேபிள்ஸ் எழுதிய பயண நூலை இன்றைக்கும் தேடிப் படிக்கின்றார்கள். மேட்டையும் பள்ளத்தையும் வளைவையும் முதலிலே தன் கால்களால் மிதித்தறிந்தவனுக்கோ நூலில்லை.

அமெரிக்க நாவலாசிரியர் ஜோன் ஸ்ரைன்பெக் 1960ஆம் ஆண்டு சிறு லொறியொன்றின்மேல் அறையொன்றைப் பொருத்துவித்து, அதற்கு டொன் குவிக்ஸோட்டின் குதிரையின் பெயரைச் சூட்டி, சார்லி என்ற நாயைத் துணையாகக் கொண்டு தம் நாட்டைச் சுற்றிவந்தார். அப்பயணத்தின் நூல் 1962இல் வெளிவந்தது. அதே ஆண்டில் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. புதிய பெருஞ்சாலைகளை அவர் விரும்பவில்லை. அவற்றிலே ஒருவன் நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஒன்றையும் பாராமலே சென்றுவிடலாம் என்று வருந்தினார். அவருக்குப் பின் வந்தவர்கள் இந்த வருத்தத்தை ஒரு சமயக் கொள்கையாகவே ஆக்கிவிட்டனர். வழுவழுப்பான வீதி பொய். கரடுமுரடான வீதியே மெய் என்று அவர்கள் கொண்டனர். ஸ்ரைன்பெக் சொன்னது அதுவன்று. அவர் குறை கூறியது விரைவை, தாரை அன்று.

நிற்க. நான் பேச எடுத்துக்கொண்ட வீதி அலாஸ்கா நெடுஞ்சாலை. வீட்டு வண்டிக்காரர் அனைவருக்கும் அதுவே காசி, அதுவே இராமேஸ்வரம். கோடை பிறந்தால் ஆயிரக்கணக்கிலே வடக்கு நோக்கிப் புறப்படுவார்கள். கனடாவின் டோசன் கிறீக் என்னும் ஊரிலே தொடங்கி, யூக்கொன் பிரதேசத்தை ஊடறுத்து, அலாஸ்காவின் டெல்ரா ஜங்ஷனில் முடிவடையும் இவ்வீதி இன்று ஏறத்தாழ 2,230 கிலோமீற்றர் நீளமுடையது. முதலில் இதனைவிட நீளமாகவே இருந்தது. வளைவுகளை நிமிர்த்த நிமிர்த்தக் குறுகிவிட்டது.

இவ்வீதி பயணிகளுக்காகப் பிறந்ததன்று. 1941ஆம் ஆண்டின் இறுதியில் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்ட பின்னர், அலாஸ்காவுக்குத் தரைவழி ஒன்று வேண்டுமென்று அமெரிக்க அரசு துணிந்தது. 1942ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே வேலை தொடங்கிற்று. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட படைவீரர் காட்டை வெட்டிச் சென்றனர். அவர்களுள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் கறுப்பினத்தவர். வெள்ளையரோடு ஒரே படைப்பிரிவிலே சேர்க்கப்படாமல் தனியாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தவர்கள். இயந்திரங்கள் பிறருக்குச் செல்ல, கைக்கருவிகளைக் கொண்டு வேலைசெய்ய விடப்பட்டவர்களும் அவர்களிடையே இருந்தனர். அக்டோபர் மாதத்திலே இரு முனைகளிலிருந்தும் வந்தோர் பீவர் கிறீக்கின் அருகே சந்தித்தபோது, ஒரு பக்கத்திலிருந்து மரங்களைச் சாய்த்துக்கொண்டு வந்தவர் கறுப்பினத்தவர். எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தவர் வெள்ளையர். நவம்பர் 20ஆம் நாள் குளுவானி ஏரியின் மேலுள்ள குன்றொன்றிலே, கடுங்குளிரில், வீதி திறந்து வைக்கப்பட்டது. எட்டு மாதத்தில் ஏறத்தாழ இரண்டாயிரத்தெழுநூறு கிலோமீற்றர்! அந்த அவசரத்திலே பிறந்த வீதி இன்றும் அவ்வவசரத்துக்குரிய தண்டனையை அனுபவித்துக் கொண்டிருக்கின்றது.

காரணம் நிலத்தின் கீழே இருக்கின்றது. யூக்கொனின் வடமேற்கிலே மண்ணுக்கடியில் பல்லாயிரம் ஆண்டுகளாக உருகாத உறைநிலம் உண்டு. அதிலே மண்ணும் பனிக்கட்டியும் பின்னிக்கிடக்கின்றன. மேலே படர்ந்த பாசியும் புல்லும் அதற்குப் போர்வை. 1942இல் வந்த படையினர், எங்கும் செய்வது போலவே, முதலிலே இப்போர்வையை இயந்திரத்தால் வழித்தெறிந்தனர். வெயில் பட்டது, பனிக்கட்டி உருகிற்று, இயந்திரங்களே சேற்றிலே தாழ்ந்தன. பின்னர்தான் பட்டறிவு வந்தது. மண்ணைச் சுரண்டாது மரங்களை வெட்டிக் குறுக்கே அடுக்கி, அதன்மேல் மண்ணைக் கொட்டிப் பாதை செய்தார்கள். இவ்வாறு மரம் பரப்பிய பகுதிகள் பல இன்றைய வீதியின் அடியிலேயே புதைந்து கிடக்கின்றன.

இப்போது தாரிட்டிருக்கின்றார்கள். ஆனால் கறுத்த மேற்பரப்பு வெப்பத்தை உறிஞ்சுகின்றது. மாரிக்காலத்தில் வீதியிலிருந்து வழித்தொதுக்கிய பனி இரு ஓரங்களிலும் குவிந்து கிடந்து, மேலிருந்து குளிர் நிலத்துள் இறங்காதபடி தடுக்கின்றது. பனி வெண்மையும் குளிர்ச்சியும் உடையதாயினும் நிலத்துக்கு அது கம்பளி என்பதை நம்மூர் வாசகர் ஒருகணம் நின்று எண்ணிப் பார்க்கவேண்டும். ஆகவே ஓரங்கள் உருகி இறங்குகின்றன. வீதி நீளவாக்கிலே பிளக்கின்றது. வேறிடங்களில் மண்ணிலுள்ள நீர் உறையும் இடத்தை நோக்கி ஈர்க்கப்பட்டுப் பனிக்கட்டித் தட்டுகளாகத் திரண்டு வீதியை மேலே தூக்குகின்றது. ஓரிடம் எழ, அடுத்த இடம் தாழ, வீதி கடலலைபோல் ஆகிவிடுகின்றது. பேர்வாஷ் லாண்டிங்கிலிருந்து அலாஸ்கா எல்லைவரை ஏறக்குறைய இருநூறு கிலோமீற்றர் இத்தகையதே.

2019ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் அவ்வழியே சென்றேன். ரொறன்ரோவில் வாழும் என் தங்கையின் மகன் விடுமுறைக்கு அழைத்துச் சென்றார். வைற்ஹோர்ஸ் நகரிலே இருபத்தைந்து அடி நீளமான வீட்டு வண்டியொன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டோம். முதல் நாள் எல்லாம் இன்பமாகவே இருந்தது. ஹெயின்ஸ் ஜங்ஷன் வரை வீதி நன்று. குளுவானி ஏரியின் தென்முனையிலே, முன்பு பனிமலை ஆறொன்று ஏரிக்குள் பாய்ந்த இடத்தில், புழுதி எழுந்து கொண்டிருந்தது. மேலேயுள்ள பனிமலை பின்வாங்கியதால் 2016ஆம் ஆண்டு அந்த ஆற்றின் நீர் வேறு பக்கமாகத் திரும்பிவிட்டதாம். நீண்ட பாலமொன்று ஏறக்குறைய வறண்ட படுகையின்மேல் நின்றது. ஏரியைத் தாண்டிய பின்னர்தான் வீதியோரத்திலே சிறு செங்கொடிகள் தென்படத் தொடங்கின.

அக்கொடிகள் அலங்காரமல்ல. வீதி எழுந்தோ தாழ்ந்தோ உள்ள இடங்களிலே வீதித் திணைக்களத்தார் நட்டுவைத்த எச்சரிக்கை அவை. முதலாவது கொடியை நாங்கள் மதித்தோம். இரண்டாவதையும் மதித்தோம். கொடியில்லாத ஓரிடத்திலேதான் வண்டி எழுந்தது. முன்சக்கரம் ஏறி இறங்கிற்று, அது பெரிதன்று. இவ்வகை வண்டியின் பின்னச்சுக்குப் பின்னால் வீடு ஏழெட்டு அடி நீளத்துக்குத் தூணில்லாத தாழ்வாரம்போல் வெளியே நீண்டிருக்கும். பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கியதும் அந்த வால் வீதியிலே உரசிற்று. மறுகணம் மேலே எறியப்பட்டது. பூட்டியிருந்த லாச்சிகள் மூன்றும் திறந்துகொண்டன. அரிசிப் பை கட்டிலின்மேல் இருந்தது. "மாமா, பின்னுக்கு என்ன விழுந்தது?" என்றார் மருமகன். "வீடு" என்றேன்.

அதன்பின் மணிக்கு ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நாங்கள் செல்லவில்லை. வீட்டு வண்டி ஓட்டுவோர் இதனை ஒரு கலையாகவே பயில வேண்டும். கனமான பொருள்களைத் தாழவும், பின்னச்சுக்கு முன்னாகவும் வைத்தல் வேண்டும். பின்கோடியிலே வைத்தால் ஊஞ்சலின் நுனியில் யானையை இருத்தியதற்கு ஒப்பாகும். ஓடும்போது வாயுவின் திறப்பை மூடிவிட வேண்டும். கிரவல் பகுதிக்கு வந்தால் இரட்டை ரயர்களின் நடுவே கல் சிக்கியிருக்கின்றதா என்று இறங்கிப் பார்க்கவேண்டும். சிக்கிய கல் இரண்டு ரயரையும் அரைத்துவிடும். ரயரின் காற்றைக் குறைத்தால் அதிர்ச்சி குறையும் என்பார்கள். சிறிய வண்டிக்கு அது பொருந்தும். வீட்டின் பாரத்தைத் தாங்கும் ரயருக்கு அதிகம் குறைத்தல் ஆபத்து. மேடு வருமுன்னரே தடையை அழுத்தி, மேட்டிலே ஏறும்போது தடையை விட்டுவிட வேண்டும். தடையிட்டபடியே ஏறினால் முன்பாகம் குனிந்து அடி வாங்கும். எதிரே லொறி வந்தால் ஓரமாகி வேகத்தைத் தணிக்க வேண்டும். அப்படிச் செய்தும் முன் கண்ணாடியில் ஒரு கல் பட்டது. வீதி திருத்தும் இடங்களிலே புழுதி அடங்குவதற்காகத் தெளிக்கும் கல்சியம் குளோரைட்டு வண்டியின் அடியிலே ஒட்டிக்கொண்டால் இரும்பு கறல் பிடிக்கும். இரவு தங்குமிடத்திலே கழுவிவிட வேண்டும். இவையெல்லாம் சமையற் குறிப்புப் போலத் தோன்றலாம். கெட்ட வீதியிலே தத்துவம் உதவாது, இவைதாம் உதவும்.

கிரவல் வீதியைப்பற்றி ஒன்று சொல்லாமல் அப்பாற் செல்ல மனம் வரவில்லை. கிரவல் வீதியின் மேற்பரப்பு, துணி துவைக்கும் வரிப்பலகைபோலக் குறுக்கு வரிவரியாக எழுவதை எல்லாரும் கண்டிருப்பர். மழையோ காற்றோ மண்ணின் குணமோ காரணம் என்று பலர் நினைக்கின்றார்கள். அவுஸ்திரேலியாவிலே பௌதிக அறிஞர் கீத் மாதர் என்பவர் வட்டமான மணற்பாதையொன்றில் சிறு சக்கரத்தைச் சுழலவிட்டு ஆராய்ந்து, 1963ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார். சக்கரம் ஒரு சிறு மேட்டிலே ஏறித் துள்ளுகின்றது. விழும் இடத்தில் மண்ணைத் தோண்டுகின்றது. தோண்டிய மண் அடுத்த மேடாகின்றது. அடுத்து வரும் சக்கரமும் அதே இடத்திலே துள்ளுகின்றது. மாதர் பின்னர் அலாஸ்காவிலேயே ஒரு பல்கலைக்கழக ஆய்வு நிலையத்தின் தலைவராக இருந்தார் என்பது இக்கட்டுரைக்குப் பொருத்தமான தற்செயல். 2007ஆம் ஆண்டிலே ரொறன்ரோ முதலிய இடங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இவ்வாராய்ச்சியைத் தொடர்ந்து வேறொன்றையும் காட்டினார்கள். குறிப்பிட்ட ஒரு வேகத்துக்குக் கீழே வரிகள் தோன்றுவதேயில்லை. பாதை தட்டையாகவே இருக்கின்றது. அந்த எல்லை வேகமோ மனிதன் நடக்கும் வேகத்துக்கு அண்மையானது. ஆகவே மோட்டார் ஓடும் எந்தக் கிரவல் வீதியும் வரிவிழாமல் தப்பாது. வீதி கெட்டுவிட்டதென்று முறையிடும் சாரதி, தன் சக்கரத்தின் கையெழுத்தையே படித்துக்கொண்டு முறையிடுகின்றான்! வரிகளின் முடிமேலே பறந்துவிடலாம் என்று வேகத்தைக் கூட்டுவோரும் உண்டு. ஆட்டம் குறைவது மெய்தான். ரயர் நிலத்தைத் தொடும் நேரமும் குறைகின்றதே! தலைபாரமான வீட்டு வண்டியிலே அவ்வித்தையைக் காட்டுபவன் அடுத்த வளைவிலே வீட்டைக் கவிழ்ப்பான்.

இனி, புகழ்வோருக்கு வருவோம். அலாஸ்கா நெடுஞ்சாலையின் கடைகளிலே, "நான் பிழைத்து வந்தேன்" என்ற பொருளுடைய ஒட்டுச்சீட்டுகள் விற்பனையாகின்றன. வண்டியின் பின்புறத்திலே ஒட்டிக்கொண்டு ஊர் திரும்பலாம். எனக்கு அதிலே கோபமில்லை. விளையாட்டு விளையாட்டாகவே இருக்கட்டும். விளையாட்டை மெய்ஞ்ஞானமாக்கி நூலெழுதுவோரிடந்தான் எனக்கு வழக்கு. எங்கள் வாடகை ஒப்பந்தத்திலே இன்ன இன்ன கிரவல் வீதிகளில் வண்டி செல்லலாகாது என்றும், அடிப்பாகத்துக்கும் கண்ணாடிக்கும் நேரும் சேதத்தைக் காப்புறுதி ஏற்காது என்றும் மூன்று பக்கங்களில் அச்சிட்டிருந்தார்கள். கெட்ட வீதியைப்பற்றி அந்த ஒப்பந்தத்தை எழுதிய சட்டத்தரணிக்குள்ள தெளிவு, என் அலுமாரியிலுள்ள பயண நூல்கள் பலவற்றிலே இல்லை. கெட்ட வீதி என்றால் பணச் செலவு என்று அவர் அறிந்திருக்கின்றார்.

பீவர் கிறீக் என்பது கனடாவின் மேற்கெல்லையிலே நூறு பேர் அளவில் வாழும் சிற்றூர். பெரிய வைத்தியசாலை வைற்ஹோர்ஸிலேதான் உண்டு. இடையே ஏறக்குறைய நானூற்றைம்பது கிலோமீற்றர். அங்கே உணவுச்சாலையொன்றில் வேலைசெய்த முதிய மாது ஒருவர், வண்டியின் உரசிய வாலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். எத்தனை முறை இவ்வழியே வந்தீர்கள் என்று கேட்டார். முதன்முறை என்றோம். அவர் எண்ணிக்கையை மறந்துவிட்டாராம். மகள் கருவுற்றிருந்தபோது நாள் நெருங்குவதற்குச் சில வாரங்கள் முன்னதாகவே நகருக்குக் கொண்டுபோய்த் தங்கவைத்ததையும், அந்தப் பயணத்தில் ஒவ்வொரு கொடிக்கும் தாம் மகளின் வயிற்றிலே கைவைத்துக்கொண்டு வந்ததையும் சொன்னார். வருத்தத்தோடு சொல்லவில்லை; பேச்சுவாக்கிலே சொன்னார். பிறகு எங்களுக்குச் சூப்புக் கொண்டுவந்தார். எங்கள் வீட்டு வண்டியிலே உடைந்தவை இரண்டு கோப்பைகள்.

எங்கள் பயணமும் அவர் பயணமும் ஒரே வீதியில் நிகழ்ந்தவை. ஆயினும் ஒரே பயணமல்ல. எங்களுக்கு வீதியின் கெடுதி ஒரு நாள் உணவு; அதுவும் ஊறுகாய்போலத் தொட்டுக்கொள்வது. அவ்வூராருக்கு அது நாள்தோறும் உண்ணும் சோறு. ஊறுகாயை உண்டவன் சோற்றின் சுவையைப்பற்றித் தீர்ப்புக் கூறுவது எவ்வகையிலே நேர்மை? வீட்டைத் தூக்கி வண்டியிலேற்றிக் குழிவீதியிலே செல்வது என்னவென்று 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னியிலே உழவு இயந்திரப் பெட்டிகளில் கட்டிலையும் கிழவியையும் கோழிக்கூட்டையும் ஏற்றிச் சென்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த வீதியின் கரடுமுரடைப் புகழ்ந்த ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

என் கொள்கையை மறுப்போர் சொல்லக்கூடியது ஒன்றுண்டு. நல்ல வீதி வந்தால் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் காட்டின் தூய்மை கெடும். ஆகவே வீதி சற்றுக் கெட்டிருத்தலே காட்டுக்குக் காவல் என்பர். இவ்வாதத்தில் ஓரளவு உண்மையுண்டு. ஆயினும் இதனைச் சொல்பவர் பெரும்பாலும் காட்டுக்குள்ளே ஒருமுறை போய்வந்துவிட்டவர். யூக்கொனிலிருந்து வடக்கே செல்லும் டெம்ஸ்ரர் நெடுஞ்சாலை 1979ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. எழுநூறு கிலோமீற்றருக்கு மேல், பெரும்பாலும் கிரவல். உறைநிலம் உருகாதிருக்க, தடித்த கிரவல் மெத்தையின்மேலே அதனை அமைத்திருக்கின்றார்கள். அதன் கூரிய கற்கள் ரயர்களுக்குக் கூற்றுவன். அது முடியும் இனுவிக் நகருக்கு அப்பால், ஆர்க்டிக் கடற்கரையிலுள்ள ருக்ரோயாக்ருக் ஊருக்கு 2017 வரை கோடையில் வீதியே கிடையாது. மாரியிலே உறைந்த ஆற்றின்மேலும் கடலின்மேலும் வண்டிகள் ஓடின. அவ்வருடம் நிலவீதி வந்தது. வீதி வேண்டுமென்று பல்லாண்டுகள் கேட்டவர்களுள் அவ்வூராரே முன்னின்றனர். பனிமேல் ஓடிய வீதியை எண்ணி ஏங்கும் பயணிகள் இன்றும் இருக்கின்றார்கள். அவர்கள் எவரும் அங்கே கோடையிலே விமானத்தில் வந்த பாலை விலைகொடுத்து வாங்கிக் குழந்தை வளர்த்தவர்களல்லர்.

எல்லா வீதியையும் கண்ணாடியாக்கிவிட வேண்டும் என்பதும் என் கருத்தன்று. உறைநிலத்தின்மேல் அஃது ஆகாது. சில இடங்களில் தாரைக் காட்டிலும் கிரவலே மேல். அலையெழுந்தால் இயந்திரத்தைக் கொண்டு ஒரு காலையிலே வழித்துச் சமப்படுத்திவிடலாம். பீவர் கிறீக்கின் அருகே 2008ஆம் ஆண்டு சோதனைப் பகுதியொன்றை அமைத்து, வீதியின் அடிக்கட்டைப் பெருங்கற்களால் நிரப்பிக் குளிர்காற்றை ஊடுருவ விடுதல், ஓரங்களிலே பனி குவியாமற் கூரையிடுதல், வெளிறிய மேற்பரப்பு இடுதல் முதலிய முறைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சில முறைகள் பயன் தந்தன, எல்லாமே பெருஞ்செலவு.

செலவு யாருடையது? இதற்கும் ஒரு கதை உண்டு. அந்த வடபகுதியிலே ஓடும் வண்டிகளிற் பெரும்பாலானவை அமெரிக்காவுக்கும் அலாஸ்காவுக்கும் இடையே செல்வன, நிலமோ கனடாவினது. ஆகவே 1977ஆம் ஆண்டு இரு நாடுகளும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி கனடா பராமரிக்கவும், அமெரிக்கா திருத்தியமைக்கும் செலவைக் கொடுக்கவும் இணங்கின. சக்வாக் திட்டம் என்று அதற்குப் பெயர். 2012ஆம் ஆண்டு அமெரிக்காவிலே வந்த போக்குவரத்துச் சட்டத்தில் அந்நிதிக்கு இடமில்லாது போயிற்று. நாங்கள் சென்றபோது பட்ட அடிகளுள் எத்தனை நிலத்தினால் வந்தவை, எத்தனை அந்தச் சட்டத்தினால் வந்தவை என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் இயற்கையின் கடுமை என்று பயண நூலாசிரியர் வியந்து எழுதும் குழிகளுள் சில, மிகத் தொலைவிலே, மிக வழுவழுப்பான மேசையொன்றின்மேல் தோண்டப்பட்டவை என்பதில் ஐயமில்லை. வியப்பு அவ்விடத்திலே கண்ணை மறைக்கின்றது. குழியைக் கண்டு மெய்சிலிர்ப்பவன், அதனை ஏன் மூடவில்லை என்று கேட்கமாட்டான்.

இவ்வீதியைப்பற்றிய நூல்களுள் எனக்குப் பிடித்தது ஒன்றுண்டு. ‘மைல்போஸ்ட்’ என்பது அதன் பெயர். வீதி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட மறுவருடம், 1949இல், முதன்முறையாக வெளிவந்து, ஆண்டுதோறும் திருத்தப்பட்டு வந்த வழிகாட்டி. அதிலே வீரம் இல்லை; வியப்பு இல்லை; உவமையும் இல்லை. இன்ன மைலிலே பாலம், இன்ன மைலிலே எரிபொருள், இன்ன மைலிலிருந்து இன்ன மைல்வரை வீதி அலைந்து கிடக்கும், வேகத்தைத் தணியுங்கள் என்று வரிவரியாகச் சொல்லிச் செல்கின்றது. பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் அருகருகே வைத்துப் படித்தால், எந்த மேட்டைச் செதுக்கினார்கள், எந்தக் குழியை இன்னும் விட்டுவைத்திருக்கின்றார்கள் என்பது தெரிந்துவிடும். ஸ்ரேபிள்ஸின் வண்டிக்கு முன்னே முச்சக்கரத்தில் சென்ற அந்தப் பணியாள் எழுதியிருந்தால் இப்படித்தான் எழுதியிருப்பான். நான் கொண்டுவந்த பிரதியை நூலகத்துக்குக் கொடுத்தபோது, இதனை எந்த அடுக்கிலே வைப்பது, வீதி விவரணத்திலா, பயண இலக்கியத்திலா என்று நூலகர் கேட்டார். பயண இலக்கியத்திலேயே வைக்கும்படி சொன்னேன். ஸ்ரைன்பெக்கின் பக்கத்திலே சிறிது இடமிருந்தது.